அவரே பிடித்துக் கொடுத்த மைக்

ஓர் ஆளை முகத்துக்கு நேராக, நாள் முழுக்க, அவரே பிடித்துக் கொடுத்த மைக்கில் திட்டித் தீர்த்திருக்கிறீர்களா? நான் தீர்த்திருக்கிறேன். ஓமானில் சலாலா என்ற கடலோர ஊரில், ஒரு ஜனவரி மாதம், நாற்பது இத்தாலிக்காரர்கள் சாட்சியாக. வருடங்கள் எவ்வளவோ ஆகிவிட்டன, இன்றைக்கு நினைத்தாலும் வயிறு குளிர்கிறது. மன்னிப்பதுதான் பெரிய குணம் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அவர்கள் பெண்டாட்டியின் சேலையை எவனும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

சேலை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் அங்கே ஒரு டூர் கம்பெனியில் பஸ் டிரைவர். எங்களுக்கு சூப்பர்வைசராக இருந்தவர் எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்து ஆள். என் ஊருக்கும் அவர் ஊருக்கும் நடுவில் ஒரு கண்மாய்தான். யாருக்கு எந்த டூட்டி, யாருக்கு எப்போது லீவ், எல்லாம் அவர் கையில். எங்கள் பாஸ்போர்ட்டெல்லாம் அவர் மேஜை டிராயரில்தான் இருக்கும். அவரை நாங்கள் அண்ணே என்போம்.

கேம்ப்பில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. லீவில் ஊருக்குப் போகிறவன் யாராக இருந்தாலும் மற்றவர்களின் பார்சலையும் தூக்கிக்கொண்டு போகவேண்டும். கொடுக்கிறவன் கட்டிக் கொடுப்பான், கொண்டுபோகிறவன் பிரிக்காமல் வீட்டு வாசலில் சேர்ப்பான். ரூமில் ஒரு கொக்கித் தராசு தொங்கும். ஆளுக்கு இரண்டு கிலோ என்று நிறுத்துத்தான் வாங்குவோம். ஒருமுறை எனக்கு எடை கூடிவிட்டது. என் மகளுக்கு வாங்கிய பொம்மைக் காரை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, ரூம்காரர் ஒருவர் அவருடைய அப்பாவுக்குக் கொடுத்த மூட்டுவலித் தைலத்தைக் கொண்டுபோனேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. அங்கே எல்லாரும் அப்படித்தான் செய்தோம்.

அந்த வருடம் சூப்பர்வைசர் லீவில் போனார். நானும் ஒரு பார்சல் கட்டினேன். ஒரு பால்பவுடர் டின், கோடாலித் தைலம், நாலு சோப்பு, அடியில் ஒரு சேலை. வெங்காயக் கலர், உடம்பெல்லாம் கம்மல் அளவுக்கு வெள்ளி ஜரிகைப் பூ. சலாலா கடைத்தெருவில் மூன்று வெள்ளிக்கிழமை அலைந்து எடுத்தது. கல்யாணமாகி ஐந்து வருடத்தில் நானாகப் பார்த்து அவளுக்கு எடுத்த முதல் சேலை அதுதான். போனில் கலரையும் பூவையும் சொல்லியிருந்தேன். பூச்சொரிதலுக்கு அதைத்தான் கட்டுவேன் என்று அவளும் சொல்லியிருந்தாள்.

பார்சல் வீட்டுக்குப் போனது. டின் இருந்தது, தைலம் இருந்தது, சோப்பு இருந்தது. சேலை இல்லை. “அவ்வளவுதாம்மா குடுத்துவிட்டாரு” என்று சொல்லிவிட்டு, என் வீட்டில் காபியும் குடித்துவிட்டுப் போயிருக்கிறார். பத்து நாள் கழித்துக் கோயிலில் பூச்சொரிதல். என் மனைவி பூத்தட்டோடு நிற்கிறாள். எதிரே சூப்பர்வைசரின் மனைவி வருகிறாள், வெங்காயக் கலர் சேலையில். ஜரிகைப் பூ கம்மல் அளவு.

மறுநாள் காலையில் என் மனைவியிடமிருந்து மிஸ்டு கால். நான் ஏர்போர்ட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தேன். என்னவோ ஏதோ என்று கூப்பிட்டேன். “அந்தம்மாவுக்கு எதுக்கு நீங்க சேலை எடுத்துக் குடுத்தீங்க?” என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை, கோபம் வந்துவிட்டது. என்னவோ கத்தினேன், வைத்துவிட்டேன். அன்றையிலிருந்து அவள் போனுக்கு வரவில்லை. எப்போது கூப்பிட்டாலும் என் அம்மாதான் எடுப்பார். பார்சல் வந்த விவரமும் கோயிலில் நடந்ததும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். “அவ கொல்லையில துணி தொவைக்கிறா” என்பார். ஏழு மாதமாக அவள் துவைத்துக்கொண்டே இருந்தாள்.

நான் எவளுக்கோ சேலை எடுத்துக் கொடுத்தேன் என்று என் மனைவி நினைக்கிறாள். ஊரும் நினைக்கும். இதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. சூப்பர்வைசர் லீவ் முடிந்து திரும்பி வந்ததும் நேராகப் போய்க் கேட்டேன். ஆபீஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

“ஒரு சேலைக்கா தம்பி இந்தக் குதி குதிக்கிற? வெயிட்டு ஜாஸ்தின்னு ஏர்போர்ட்டுலயே எடுத்துப் போட்டாச்சு.”

“அண்ணி கட்டியிருந்தாங்களாமே?”

“கடையில ஒரே கலர்ல ஒரு சேலைதான் விக்கிதா? போயா, போயி யாருகிட்ட வேணும்னாலும் சொல்லிக்க.”

யாரிடம் சொல்வது? கேம்ப்பில் சொன்னால் அடுத்த நிமிடம் அவர் காதுக்குப் போகும். என் பாஸ்போர்ட் அவர் டிராயரில், என் லீவ் அவர் பேனாவில். வாயை மூடிக்கொண்டேன். தினமும் அவருக்கு சலாம் வைத்தேன். சலாம் வைத்துவிட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, தனியாக, அவரையும் அவர் ஏழு தலைமுறையையும் திட்டுவேன். ஸ்டீயரிங்குக்குக் காது இருந்திருந்தால் கழன்று ஓடியிருக்கும்.

அப்போதுதான் அந்தக் கப்பல் வந்தது. குளிர்காலத்தில் இத்தாலியிலிருந்து சுற்றுலாக் கப்பல்கள் சலாலா துறைமுகத்துக்கு வரும். காலையில் இறங்குவார்கள், கடற்கரையையும் பழைய கோட்டை கொத்தளங்களையும் பார்ப்பார்கள், சாயங்காலம் ஏறிப் போய்விடுவார்கள். அன்றைக்கு இரண்டு பஸ் கூட்டம். எங்கள் கம்பெனியில் இத்தாலியன் தெரிந்த கைடு ஒரே ஒருவர், துனீசியாக்காரர். அவர் முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டார். இரண்டாவது பஸ், என் பஸ். அதற்கு யார்?

நம் சூப்பர்வைசர்தான். மூன்று மாதம் முன்னால், சீசன் தொடங்கியபோதே, தனக்கும் இத்தாலியன் நன்றாகத் தெரியும் என்று அரபி மேனேஜரிடம் அடித்து விட்டிருக்கிறார். சீசன் முடிவதற்குள் கைடுகளுக்கெல்லாம் தலைவராகிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. தெரிந்த இத்தாலியன் மொத்தம் ‘போன் ஜோர்னோ’, அதாவது காலை வணக்கம். அதையும் சாயங்காலம் வரை சொல்வார்.

இத்தாலியன் தெரிந்தது எனக்கு. சலாலாவுக்கு வருவதற்கு முன் நான்கு வருடம் வடக்கே சோஹார் ஊரில், துறைமுக வேலைக்கு வந்திருந்த இத்தாலிய இன்ஜினீயர்களுக்கு வண்டி ஓட்டினேன். வண்டியில் ஏறினால் அவர்கள் வாய் ஓயாது. பேசுவார்கள், சண்டை போடுவார்கள், பெண்டாட்டியைப் பற்றிப் புலம்புவார்கள், சாப்பாட்டைப் பற்றி அழுவார்கள். கேட்டுக் கேட்டு எனக்கும் வந்துவிட்டது. இலக்கணம் கிடையாது. ஆனால் கேலி பண்ணத் தெரியும், வயிறெரியத் தெரியும், கதை சொல்லத் தெரியும்.

கப்பல்காரர்கள் இறங்கி வரும் நேரத்தில் சூப்பர்வைசர் என் ஜன்னலோரம் வந்தார். குரலில் தேன்.

“தம்பி, ஒனக்குத்தான் அந்த பாஷை தெரியுமே. நான் இங்கிலீஷ்ல சொல்லச் சொல்ல நீ அப்படியே எடுத்து விட்டுரு. என்ன?”

“சரிண்ணே.”

“ஆனா ஆபீஸ்ல மூச்சு விட்டுராத. நான்தான் பேசுனேன்னு இருக்கட்டும்.”

“நீங்கதாண்ணே பேசுனீங்க” என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது என் மனதில் ஒரு திட்டமும் இல்லை. எரிச்சல் மட்டும்தான் இருந்தது.

பஸ் மேற்கே முக்சைலை நோக்கிக் கிளம்பியது. கைடு உட்காரும் மடக்கு நாற்காலியில் சூப்பர்வைசர், கையில் காகிதம், மைக். எனக்குப் பின்னால் முன்சீட்டில் எழுபது வயதுக்கு ஓர் அம்மாள், வைக்கோல் தொப்பி, பெரிய கறுப்புக் கண்ணாடி. பக்கத்தில் அவள் புருஷன், ஏறியதும் தூங்கியவர். சூப்பர்வைசர் காகிதத்தைப் பார்த்து இங்கிலீஷில் இரண்டு வரி வாசித்தார். பிறகு கையை நீட்டி மைக்கை என் வாய்க்கு நேரே பிடித்தார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இத்தாலியனில் சொன்னேன். முதல் பத்து கிலோமீட்டர் ஒழுங்காகத்தான் சொன்னேன்.

முக்சைலில் கடலோரப் பாறையில் ஓட்டைகள் இருக்கும். அலை அடியில் புகுந்தால் ஓட்டை வழியாகத் தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீறிடும். ஆனால் அது மழைக்காலத்துக் கடலில்தான். ஜனவரியில் ஓட்டை பெருமூச்சு மட்டும்தான் விடும். சூப்பர்வைசர் எல்லாரையும் ஓட்டையைச் சுற்றி நிறுத்திவிட்டு, இன்னும் ஐந்து நிமிடத்தில் பனைமர உயரத்துக்குத் தண்ணீர் வரும், கேமராவைத் தயாராக வையுங்கள் என்றார். அதைச் சொல் என்று என்னைப் பார்த்தார்.

நான் சொன்னேன்: “தண்ணீர் வரும் என்கிறார். வராது. இது அதற்கான மாதமில்லை. இவர் சொல்வது எதையும் நம்பாதீர்கள்.”

நாற்பது பேரும் சிரித்தார்கள். சூப்பர்வைசரும் சிரித்தார். நான் நன்றாக மொழிபெயர்க்கிறேன் என்று முதுகில் தட்டினார். அந்தத் தட்டில்தான் எனக்குப் புத்தி வந்தது. அடேயப்பா, இந்த மனுஷனுக்கு ஒன்றுமே புரியவில்லையே! யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள் என்றாயே, இதோ நாற்பது பேர், நீயே கூட்டிவந்து நிறுத்தியிருக்கிறாய்.

வைக்கோல் தொப்பி அம்மாள்தான் வழி எடுத்துக் கொடுத்தாள். “ஏன் நம்பக்கூடாது?” என்று கேட்டாள். பஸ் திரும்பிக் கிளம்பியதும் மைக் என் வாய்க்கு வந்தது. சூப்பர்வைசர் சாம்பிராணி மரத்தைப் பற்றி வாசித்து முடித்திருந்தார். நான் சாம்பிராணியை விட்டேன்.

“சீமாட்டிகளே, சீமான்களே. என் பக்கத்தில் உட்கார்ந்து மைக் பிடித்திருக்கிறாரே, இவர் ஒரு திருடர். இப்போது திரும்பிப் பார்க்காதீர்கள், மலையைப் பாருங்கள். என் மனைவிக்கு நான் அனுப்பிய துணியைத் திருடி அவர் மனைவிக்குக் கொடுத்துவிட்டார்.”

எல்லாரும் மலையைப் பார்த்தார்கள். சேலை, சாரி என்ற சொற்கள் மட்டும் வாயில் வராமல் பார்த்துக்கொண்டேன், அவருக்குப் பொறி தட்டிவிடும். ‘ஐந்தரை மீட்டர் துணி’ என்றேன். அவர் பெயரையும் சொல்லவில்லை, பக்கம் கூட நான் திரும்பவில்லை. குரலைக் கோட்டை கொத்தளம் விவரிக்கிற குரலாகவே வைத்துக்கொண்டேன். அவருக்கோ பூரிப்பு. கேளுங்கள், எவ்வளவு விஷயம் இருக்கிறது எங்கள் ஊரில் என்பதுபோலத் தலையை ஆட்டினார். கை வலித்தால் மைக்கை மறுகைக்கு மாற்றிப் பிடித்தார்.

அடுத்து அல் பலீத். சலாலா கடலோரத்தில் இடிந்து கிடக்கிற பழைய துறைமுக நகரம். அந்தக் காலத்தில் இங்கிருந்து சாம்பிராணியும் குதிரையும் இந்தியாவுக்குப் போயின என்று அவர் வாசித்தார். நான் சொன்னேன்: “இந்த இடத்திலிருந்து என் நாட்டுக்குக் கப்பல் போயிருக்கிறது. சரக்கை மாலுமியை நம்பி ஏற்றினார்கள். அவன் கடலைத் தாண்டி, புயலைத் தாண்டி, உரியவன் கையில் சேர்த்தான். இவர் நான்கு மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து போனார். இவரால் முடியவில்லை.” பிறகு அந்தத் தராசு, இரண்டு கிலோ, பிரிக்கக்கூடாது என்ற சட்டம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் வெளியே போட்ட பொம்மைக் காரையும் விடவில்லை. ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். அங்கே தூண் தூணாக நிற்கிற பள்ளிவாசலை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

“என்ன கலர்?” என்று கேட்டாள் முன்சீட்டு அம்மாள்.

“வெங்காயக் கலர்.”

“வெங்காயத்தின் வெளித்தோலா, உள்தோலா?”

“உள்தோல்” என்றேன். இந்தக் கேள்வியை என் ஊரில் கூட யாரும் கேட்டதில்லை.

“என்ன கேக்குறாங்க?” என்றார் சூப்பர்வைசர்.

“தூணு எப்படி நிக்கிதுன்னு கேக்குறாங்கண்ணே.”

“அஸ்திவாரம் கெட்டின்னு சொல்லு.”

சொல்லிவிட்டேன். இவருடைய முகத்தோல் மிகவும் கெட்டி என்று.

வழியில் தென்னந்தோப்பு ஓரத்தில் இளநீர்க் கடைகள். எல்லாரும் இறங்கிக் குடித்தார்கள். ஒருத்தரும் சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கவில்லை. அவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார், அதிலிருந்த மூன்று பெண்கள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். எனக்கு மட்டும் நான்கு பேர் இளநீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். “டிரைவருக்கு மரியாதையப் பாருடா” என்றார் அவர், கொஞ்சம் புளிப்பாக. “வெயில்ல ஓட்டுறேன்னு பரிதாபம்ணே” என்றேன். ஏழு மாதத்தில் அன்றைக்குத்தான் நான் வயிறு நிறையக் குடித்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் கிழக்கே கோர் ரோரி. கடல் உள்ளே புகுந்து குளம்போல நிற்கிற ஓடை, அதன் மேட்டில் இரண்டாயிரம் வருடத்துக் கோட்டை. கீழே ஒட்டகங்கள் தண்ணீருக்குள் நின்றன. அதைத் தோண்டி எடுத்தவர்களே இத்தாலிக்காரர்கள்தான், ஆகவே வந்தவர்களுக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர்களுக்குக் கல் வேண்டியிருக்கவில்லை, மீதிக் கதைதான் வேண்டியிருந்தது. வாசல் சுவரில் பழைய எழுத்து வெட்டிய கல் ஒன்று உண்டு. அதன் முன்னால் வட்டமாக நின்றுகொண்டார்கள். இந்தக் கல்வெட்டில் ராஜாவின் கட்டளை எழுதியிருக்கிறது என்று சூப்பர்வைசர் ஆரம்பித்தார்.

நான் பூச்சொரிதலைச் சொன்னேன். தட்டில் பூவோடு நிற்கிற என் மனைவியைச் சொன்னேன். அவளுக்கு எதிரே அவளுடைய துணி நடந்து வந்ததைச் சொன்னேன். அது வரைக்கும் கேலியாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த இடத்தில் கேலி நின்றுவிட்டது. இதை எந்த மனுஷனிடமும் நான் முழுதாகச் சொன்னதில்லை. “ஏழு மாதமாக அவள் என்னோடு பேசவில்லை. நான் வேறு ஒரு பெண்ணுக்குத் துணி எடுத்தேன் என்று நினைக்கிறாள். இந்த ஆள் ஒரு வார்த்தை உண்மையைச் சொன்னால் தீர்ந்துவிடும். சொல்ல மாட்டேன் என்கிறார்.”

ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். பின்னால் ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு என்னவோ சொன்னார், அது சோஹாரில் இன்ஜினீயர்கள் வண்டி பஞ்சரானால் சொல்வது. சூப்பர்வைசர் என் காதோரம் வந்தார்.

“ஏன்டா அழுகுறாங்க?”

“ராஜா செத்த எடம்ணே.”

“ஓ” என்றார். அவரும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு கல்லைப் பார்த்துத் தலைகுனிந்தார். பாவம் என்று தோன்றியதா என்று கேட்காதீர்கள். தோன்றவில்லை. இன்னும் இரண்டு கோட்டை இருந்திருந்தால் இன்னும் இரண்டு அத்தியாயம் சொல்லியிருப்பேன்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது முன்சீட்டு அம்மாள் என் கூட வந்தாள்.

“உன் மனைவி போனில் கேட்டபோது நீ என்ன பதில் சொன்னாய்?”

“கோபப்பட்டேன்.”

“கோபப்பட்டாய், சரி. பதில் என்ன சொன்னாய்?”

“பஸ்ஸில் ஆள் ஏறிக்கொண்டிருந்தார்கள்” என்றேன்.

அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு படியேறிப் போய்விட்டாள். இவளுக்கு என்ன வந்தது என்று நினைத்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினேன்.

சாயங்காலம் துறைமுகம். கப்பலுக்குப் போகும் முன் ஆளுக்கொரு தாள் கொடுப்பார்கள், சுற்றுலா எப்படி இருந்தது என்று எழுத. மற்ற நாளெல்லாம் இரண்டு பேர் எழுதினால் அதிகம். அன்றைக்கு நாற்பது பேரும் பஸ்ஸிலேயே உட்கார்ந்து, பேனாவைக் கைமாற்றிக் கைமாற்றி, பரீட்சை எழுதுவதுபோல எழுதினார்கள். இடம் போதாமல் தாளின் பின்பக்கமும் எழுதினார்கள். சூப்பர்வைசருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். “பாத்தியா, எவ்வளவு எழுதுறாங்க! மேனேஜர் அசந்துருவாரு” என்றார். கதவோரம் நின்று ஒவ்வொருவருக்கும் ‘போன் ஜோர்னோ’ சொல்லிக் கையை நீட்டினார். ஒருவரும் கையைத் தொடவில்லை. என் ஜன்னலுக்கு வந்து எனக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள்.

நான்காம் நாள் ஆபீஸில் வெடித்தது. தாள்களை துனீசியாக்காரர் உட்கார்ந்து மேனேஜருக்கு அரபியில் வாசித்தார். நான் சாவி வைக்கப் போனவன் கதவருகே நின்றுவிட்டேன். அந்தப் பெண்ணுக்குத் துணியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். நாங்கள் இவ்வளவு வெட்கமில்லாத வழிகாட்டியைக் கண்டதில்லை. இடிபாடுகள் அழகு, வழிகாட்டி திருடர். இப்படியே நாற்பது. சூப்பர்வைசர் முகத்தில் ரத்தம் இல்லை.

மேனேஜர் கேட்டது ஒரே கேள்வி. “இந்த பஸ்ஸில் இத்தாலியனில் பேசியது யார்?”

அங்கேதான் மாட்டினார். டிரைவர் பேசினான் என்றால், எனக்கு மொழி தெரியும் என்று சொன்னது பொய். நான் பேசினேன் என்றால், நான் திருடன் என்று அவரே மைக்கில் நாற்பது பேருக்குச் சொன்னதாக ஆகிறது. என்னைப் பார்த்தார். நான் சாவியைப் பார்த்தேன். கடைசியில் டிரைவர்தான் பேசினான் என்றார். “அப்படியென்றால் மூன்று மாதமாக என்னிடம் பொய் சொன்னாய். டிரைவர் சொன்ன துணிக் கதையும் பொய்யா?” என்றார் மேனேஜர். அவர் சட்டைப் பையிலிருந்து டிராயர் சாவியை எடுத்தார். அதுவே பதில்.

“கலாஸ்” என்றார் மேனேஜர். முடிந்தது. சூப்பர்வைசர் வேலை போயிற்று. டிராயர் சாவியை மேஜையில் வைத்தார். சோஹாரில் கம்பெனிக்கு லேபர் கேம்ப் வேலை இருந்தது, அங்கே சைட்டுக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸை ஓட்ட அவரை அனுப்பினார்கள். எனக்கும் ஒரு திட்டு கிடைத்தது, இனிமேல் மைக்கைத் தொடக்கூடாது என்று. தொட்டால் என்ன, தொடாவிட்டால் என்ன. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவர் என் முன்னால் வந்து நின்றார்.

“ஏன்டா இப்படிப் பண்ணுன? என் சோத்துல மண்ணள்ளிப் போட்டியே.”

“நீங்கதானேண்ணே சொன்னீங்க, யாருகிட்ட வேணும்னாலும் சொல்லிக்கன்னு. சொன்னேன்.”

அன்று சாயங்காலமே புது போன் கார்டு வாங்கினேன். அம்மா எடுத்தார். “அவ கொல்லையில” என்று ஆரம்பித்தார். “கொல்லையில இருந்து கூட்டியாங்க. சேலையை எடுத்தவன் மாட்டிக்கிட்டான், வேலையே போச்சுன்னு சொல்லுங்க” என்றேன். பிறகு வளையல் சத்தம் கேட்டது.

“ம்” என்றாள்.

ஏழு மாதத்துக்கு அப்புறம் அந்த ஒரு ‘ம்’. நான் அணை உடைந்ததுபோலக் கொட்டினேன். பாறை ஓட்டையிலிருந்து ஆபீஸ் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். வெங்காயத்தின் உள்தோலைச் சொன்னேன், ராஜா செத்த இடத்தைச் சொன்னேன். அவள் ‘ம்’ போட்டுக்கொண்டே இருந்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்த இடத்திலெல்லாம் ‘ம்’தான் வந்தது.

“இப்பவாவது நம்புறியா, நான் யாருக்கும் எடுத்துக் குடுக்கலைன்னு?” என்றேன்.

“அது எனக்கு அப்பவே தெரியும்.”

“என்னது?”

“பூச்சொரிதல் முடிஞ்சு மூணாம் நாளே அந்தம்மா வந்துச்சு. நான் பாத்த பார்வையில வெளங்கிருச்சாம். வீட்டுக்காரரப் போட்டுக் கேட்டிருக்கு, உண்மையச் சொல்லியிருக்காரு. தொவைச்சு, இஸ்திரி போட்டு, பேப்பர்ல சுத்திக் கொண்டாந்து குடுத்துட்டு, என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. அவருக்குத் தெரிய வேண்டாம், தெரிஞ்சா அடிப்பாருன்னுச்சு. சேலை பீரோவுலதான் இருக்கு.”

பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

“அப்பறம் ஏன் ஏழு மாசமா பேசல?”

“நான் உங்களச் சந்தேகப்பட்டா கேட்டேன்? வெவரம் தெரியாமக் கேட்டேன். ஒரு வார்த்தை, ‘எனக்குத் தெரியலப்பா, விசாரிக்கிறேன்’னு சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்கும். என்ன சொன்னீங்க? ‘உக்காந்து திங்கிற நாயி, நீ என்னையக் கேள்வி கேக்குறியா’ன்னீங்க. உங்க அம்மா பக்கத்துல நிக்கிறாங்க. போன்ல வெளிய வரைக்கும் கேட்டுச்சு.”

நான் கையிலிருந்த கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“முன்னப் பின்னத் தெரியாதவுகளுக்கு ஒரு நாள் பூரா நிறுத்தி நிதானமா வெளக்கம் சொல்லியிருக்கீங்க. எங்கிட்டச் சொல்ல உங்களுக்கு நேரமில்ல. இப்ப அந்தம்மா வீட்டுல அடுப்பு எப்படி எரியும்? நாளைக்குக் கோயில்ல பாத்தா அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

கார்டில் ஒரு நிமிடம் மிச்சம் இருக்கிறது என்று ஒரு பெண் குரல் இங்கிலீஷில் அறிவித்தது. பஸ் படியில் கால் இடறுகிற வெளிநாட்டுக்காரர்களிடம் நான் ஒரு நாளைக்கு இருபது தடவை மன்னிப்புக் கேட்கிறவன். அவர்கள் மொழியில், சிரித்த முகத்தோடு. தப்புதான் என்று தமிழில் ஒரு தடவை சொல்ல அந்த ஒரு நிமிடம் தாராளம். அவளும் வைக்காமல் காத்துக்கொண்டிருந்தாள், மூச்சு எனக்குக் கேட்டது.

“அம்மாகிட்டக் குடு” என்றேன்.